பெண்கள் பகுதி ஒன்பது முழம்

வில்லியனூர்க் கடைத்தெருவில் தேர்முட்டியைத் தாண்டி நாலாவது கடை கமருதீனுடையது. தகரக் கடை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்தால் அதிலிருந்து என்னென்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் அவர் பட்டியல் சொல்ல மாட்டார். "ஒனக்கு இன்னா வேணும், அத சொல்லு" என்பார்.

அவர் செய்த ஆழாக்குக்கு பாகூர் வரைக்கும் பெயர் இருந்தது. எண்ணெய்க்காரர் இருவர் அளவில் தகராறு செய்துகொண்டால், பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருவார்கள். கமருதீன் தன் ஆழாக்கில் தண்ணீர் மொண்டு அவற்றில் ஊற்றிக் காட்டுவார். பேச மாட்டார். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் தீர்ப்பு.

இந்த வேலை அவருக்குப் பரம்பரையாக வந்ததல்ல. அவருடைய அத்தா துணி மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றவர். பன்னிரண்டு வயதில் கமருதீன் வீட்டிலிருந்த அரிக்கேன் விளக்கை மூட்டு மூட்டாகப் பிரித்துப் பரப்பி, ஒரு வாரம் இருட்டில் இருந்து, பிறகு அதைச் சேர்த்து எரியவிட்டார். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்தார், சேர்த்தார். கடைத்தெருவில் மற்றத் தகரக்காரர்கள் செய்வதைத் தள்ளி நின்று பார்த்தார். நாற்பது வயதில் அவர்களே ஒட்டாத மூட்டுகளை அவரிடம் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் கடையில் அளவுகோல் கிடையாது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். முழத்துக்கு இருபத்து நாலு விரல். விரலுக்கு எட்டு நெல். அவர் கையில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தியது. இளவயதிலேயே நெல்லை வரிசையாக அடுக்கிச் சோதித்துப் பார்த்து வைத்திருந்தார். "கோலு வளையும், கயிறு இழுபடும். கை எங்கியும் போவாது" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், கோடை தொடங்கும் சமயம், நொத்தேர் சுப்புராயப் பிள்ளையின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பத்திரம் பதிகிற உத்தியோகத்தை அந்த ஊரில் நொத்தேர் என்பார்கள். பிள்ளை ஒருமுறை பிரான்சுக்குக் கப்பலேறிப் போனவர். திரும்பும்போது ஒரு குட்டி ரயிலைக் கொண்டுவந்தார். முழங்கை நீள இஞ்சின், கூரையில்லாத இரண்டு சரக்குப் பெட்டிகள், கட்டுக் கட்டாகத் தண்டவாளம். வீட்டுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பில் அந்தத் தண்டவாளத்தைப் போட்டிருந்தார். அது நாலு மாமரத்தைச் சுற்றி, வாய்க்காலின் மேல் ஒரு பலகைப் பாலத்தில் ஏறி, கிணற்றுக்குப் போகிற பாதையின் கீழே செங்கல்லால் கட்டிய சுரங்கத்துக்குள் வளைந்து நுழைந்து, வெளியே வந்து, தொடங்கிய இடத்தில் சேரும்.

இஞ்சின் எரிசாராயத்தில் ஓடியது. கமருதீனின் பக்கத்துக் கடைக்காரரான, விளக்கு வார்க்கிற கன்னார் தங்கவேலுக்கு இந்தச் செய்தி நாலு நாளைக்குப் போதுமானதாக இருந்தது. நம் ஊரில் குடிக்காமல் வேலை செய்கிறவன் எவனும் இல்லை, இப்போது இஞ்சினும் சேர்ந்துகொண்டது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

பிள்ளை வீட்டில் கமருதீனைக் கூப்பிட்டது இஞ்சினின் சாராய விளக்கில் இருந்த ஒழுகலை அடைக்க. அவர் அதை அடைத்துவிட்டு, ரயில் இரண்டு சுற்று ஓடுவதைக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு, ஆள் ஏறுகிற பெட்டி எங்கே என்று கேட்டார். பிள்ளை மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். பாரிஸில் உள்ள கடைக்கு எழுதியது, இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. அங்கிருந்து வரும் பெட்டி வழவழப்பாக இருக்கும், சன்னலுக்குத் திரைச்சீலைகூட இருக்கும். ஆனால் தனக்கு வேண்டியது நம் வில்லியனூர் ஸ்டேஷனில் தினமும் நிற்கிற மூன்றாம் வகுப்புப் பெட்டி என்றும், அது அங்கே கிடைக்காதே என்றும் பிள்ளை சொன்னார்.

"அத நான் செஞ்சு குடுக்கறன்யா" என்றார் கமருதீன்.

"படம் வேணுமே. அளவு போட்ட படம் ரயில்வேக்காரன்தான் வச்சிருப்பான். எவன் குடுப்பான்?"

"படம் எதுக்கு? பெட்டியே தெனமும் வருதே."

பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒரு நிபந்தனை சொன்னார். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக் கொடியேற்றும் நாள். அன்று சாயங்காலம் தோப்புக்கு விருந்தாளிகள் வருவார்கள். அவர்கள் முன்னால் பெட்டி எங்கும் இடிக்காமல், தடம் புரளாமல் முழுச் சுற்று வரவேண்டும். வந்தால் அந்தத் தண்டவாளம் அதற்குத்தான். வராவிட்டால் மறுநாளே கடிதம் தபாலில் போகும். கமருதீன் செய்த பெட்டியைக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், பீங்கான் கிளிக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்துக்கொள்வார்.

மரியாதையாக என்று பிள்ளை சொன்னது மனசாரத்தான். கமருதீனுக்கு அது சுருக்கென்றது. அவர் செய்த விளக்கு எரிந்தது, புனல் ஊற்றியது, ஆழாக்கு அளந்தது. சும்மா இருப்பதற்கென்று அதுவரை அவர் எதையும் செய்ததில்லை.

அன்று இரவே அவர் கணக்கைத் தீர்மானித்துவிட்டார். ரயிலில் ஒரு முழம் எதுவோ, தன் பெட்டியில் அது ஒரு விரல். கணக்குப்படி தண்டவாளத்தின் இடைவெளி இரண்டு விரலும் ஒன்றரை நெல்லும் வந்தது. தோப்பில் கிடந்ததோ இரண்டு விரல் மூன்று நெல். சக்கரத்தை மட்டும் தோப்புத் தண்டவாளத்துக்குப் பொருத்துவது, மற்றதெல்லாம் கணக்குப்படி என்று வைத்துக்கொண்டார்.

அளக்கிற வேலைதான் நாளெடுத்தது. வில்லியனூரில் ரயில் நிற்பது சில நிமிஷம். ஒரு நாளைக்கு ஒன்று என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் கதவின் அகலம். ஒரு நாள் சன்னலின் உயரம். ஒரு நாள் கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் வடிவதற்கு வைத்திருக்கும் மடிப்பு. அளந்ததை எழுதிக்கொள்ள மாட்டார். கடைக்கு வந்ததும் தகரத்தில் கீறிவிடுவார். ஒரு தடவை பயணச்சீட்டு வாங்கி உள்ளே ஏறி, பொதுப் பகுதியை ஒரு கோடியிலிருந்து பெண்கள் பகுதியின் தடுப்பு வரை முழம் போட்டார். இருபத்திரண்டு. பெஞ்சுகளுக்குக் கீழே தவழ்ந்து போனதால் ஒரு செட்டியார் காலை மடக்கிக்கொண்டு, "இன்னா பாய், காச கீச வுட்டுட்டியா?" என்று கேட்டுத் தானும் குனிந்து தேடினாராம்.

சக்கரங்களை அளக்க வில்லியனூர் நேரம் போதாது. எல்லை தாண்டியதும் இங்கிலீஷ்காரனுடைய சுங்கச் சோதனைக்காக ரயில் நெடுநேரம் நிற்கும். கமருதீன் அங்கே இறங்கி, பெட்டிக்கு அடியில் குனிந்தார். பெட்டியைத் தாங்குவது நாலு நாலு சக்கரம் பூட்டிய இரண்டு வண்டிகள். பொதுப் பகுதிப் பக்கத்து வண்டியின் நடுவிலிருந்து பெட்டியின் கோடி வரை நாலு முழம். தடுப்பிலிருந்து பெண்கள் பக்கத்து வண்டியின் நடு வரை நாலு முழம். அங்கிருந்து அந்தக் கோடி வரை கையை வைக்கப் போகும்போது சுங்கச் சேவகன் காலரைப் பிடித்துவிட்டான். புதுச்சேரிச் சரக்கை அடியில் கட்டி அனுப்புகிறவர் என்று நினைத்தான். மடியில் தேடினான். கிடைத்தது ஒரு சுண்ணாம்புக் கட்டி. ரயில் பெட்டியை ஏன் முழம் போட்டாய் என்ற கேள்விக்கு, அதைப் போல ஒன்று செய்யப் போகிறேன் என்று கமருதீன் உண்மையைச் சொன்னார். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. பைத்தியம் என்று விட்டுவிட்டான். ஆனால் ரயிலின் கார்டு பார்த்துக்கொண்டிருந்தார். இனி பெண்கள் பகுதிக்குப் பக்கத்தில் கண்டால் புதுச்சேரியில் போலீசில் ஒப்படைப்பேன் என்றார்.

அது நியாயம்தான் என்று கமருதீனுக்கும் பட்டது. பெண்கள் உட்கார்ந்திருக்கிற சன்னலுக்கு நேரே ஓர் ஆண் கையை நீட்டி நீட்டி அளந்தால் யார்தான் பொறுப்பார்கள்? எனவே மிச்சத்தை மனைவி மெஹர் நிஷாவிடம் விட்டார்.

மெஹர் நிஷாவின் தங்கை தாஜ் நிஷா புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மெஹர் நிஷா அவளைப் பார்க்க வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாதம் இரண்டு தடவை ரயிலில் போவாள். இந்தத் தடவை போனவள் தடுப்பிலிருந்து கடைசிச் சுவர் வரை முழம் போட்டாள். கூடை வைத்திருந்த பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். ஒருத்தி, பெட்டிக்குத் துணி தைக்கப் போறியா என்று கேட்டதற்கு, ஆமாம், பாவாடை தைக்கப் போறேன் என்றாளாம். திரும்பி வந்து கணவனிடம் ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். பகுதி ஒன்பது முழம். பெஞ்சு மூன்று. சன்னலுக்கும் சன்னலுக்கும் நடுவில் இவ்வளவு. கோடியில் கக்கூசு. பிறகு ஆண்கள் யாருக்கும் தெரியாத ஒன்றையும் சொன்னாள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இரண்டு. மேலே ஒன்று எல்லாக் கதவிலும் உள்ளதுதான். கீழே முழங்கால் உயரத்தில் இன்னொன்று, உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ள.

வேலை தொடங்கியது. டின்னை வெட்டி, நெருப்பில் வாட்டி, மரப்பலகையின் மேல் வைத்து மடிப்பு விழாமல் தட்டிச் சமமாக்கினார். பக்கச் சுவரில் பலகை அடித்தது போன்ற கோடுகளை உள்பக்கமிருந்து மழுங்கின உளியால் எழுப்பினார். சன்னல்களின் மரச் சட்டங்களுக்குத் தகரத்தை வைக்கோல் போலக் கீறி, ஒவ்வொன்றையும் ஒரே சாய்வில் வைத்து, நவச்சாரம் தொட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஒரு சன்னலுக்கு ஒன்பது கீற்று. ஈயம் வெளியே பிதுங்கி நின்றால் அந்தச் சன்னலைப் பிய்த்துவிட்டு மறுபடியும் செய்வார். சக்கரங்களைத் தங்கவேல் பித்தளையில் வார்த்துக் கடைந்து கொடுத்தார். எட்டு தேற, பதினாலு வார்க்க வேண்டியிருந்தது. திருப்பி அனுப்பிய ஆறையும் தங்கவேல் கடை வாசலில் மாலையாகக் கட்டித் தொங்கவிட்டு, பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சக்கர வண்டிகளைப் பூட்டும்போது கமருதீன் ஒன்றைக் கவனித்தார். பொதுப் பகுதிப் பக்கத்தில் வண்டியின் நடுவுக்கு அப்பால் பெட்டி நாலு விரல் நீண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் ஐந்து விரல். ரயில்வேக்காரர்கள் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைக்காமல் ஏன் விட்டார்கள் என்று அரை நாள் யோசித்தார். கக்கூசு அந்தக் கோடியில் இருப்பதால் இடம் கூட்டியிருப்பார்கள் என்று ஒரு காரணம் கிடைத்தது. அசல் எப்படியோ நகல் அப்படி. பூட்டிவிட்டார்.

காவியும் கறுப்பும் கலந்து வண்ணம் அடித்து முடிந்தபோது ஜூன் கடைசி. ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் துணியில் சுற்றித் தோப்புக்குத் தூக்கிப் போனார். பிள்ளை அதைக் கையில் வாங்கி ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தார். பிறகு தன் மனைவி கனகாம்பாளைக் கூப்பிட்டு, "வந்து பாரு, நம்ம வண்டிதான் இது" என்றார்.

இஞ்சினைப் பற்றவைத்தார்கள். பெட்டி மாமரங்களைச் சுற்றிப் போயிற்று. பாலத்தில் ஏறிற்று. சக்கரங்கள் தண்டவாள மூட்டுகளில் தட்டிய சத்தம் சின்ன அளவில் அசல் ரயிலின் சத்தமாகவே இருந்தது. இஞ்சின் சுரங்கத்துக்குள் போனது. பெட்டியும் போனது. ஒரு கீறல் சத்தம், பிறகு இஞ்சின் சக்கரங்கள் நின்ற இடத்தில் சுற்றுகிற சத்தம். சுரங்கத்தின் இரண்டு வாயிலிருந்தும் புகை வந்தது. ரயில் வரவில்லை.

பின்னாலிருந்து இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எங்கே இடித்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கூரை என்றார் பிள்ளை. படிக்கட்டு என்றார் தோட்டக்காரர். கமருதீன் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சுரங்கத்தின் உள்சுவரில் கை எட்டும் வரை பூசினார். பெட்டியை மட்டும் தண்டவாளத்தில் வைத்து மெதுவாகக் கையால் தள்ளி, இழுத்தார். கூரையில் சுண்ணாம்பு இல்லை. படிக்கட்டில் இல்லை. பெண்கள் பகுதியின் கோடி மூலையில் மட்டும், மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு.

"இவ்ளோதானா?" என்றார் பிள்ளை. "கொத்தனாரக் கூப்புட்டு அந்த வளைவுல ரெண்டு நெல்லு செதுக்கச் சொல்றன். யாருக்குத் தெரியப் போவுது?"

கமருதீன் வெள்ளைக் கோட்டைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு முனை போவுது, ஒரு முனை போவல. செவுரு ஒன்னுதான்யா. அது மேல தப்பு இல்ல."

"அப்பறம் எது மேல?"

"தெரியல. தெரிஞ்சிட்டு வரன்."

பிள்ளை அவரை நிறுத்தவில்லை. ஆனால் நாள் நெருங்குகிறது என்பதையும், கடிதம் மேசையில்தான் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பாயில் வைத்தார். எந்தக் கோடி நீளம் என்று இப்போது தெளிவாகவே தெரிந்தது. ஒரு விரல். அரை நாள் யோசித்துக் கண்டுபிடித்த கக்கூசு நியாயத்தை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. மெஹர் நிஷாவைக் கூப்பிட்டு, எண்ணும்போது எங்காவது ஒரு முழம் தவறிப் போயிற்றா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவள் கோபமாகத்தான் பதில் சொன்னாள்.

"போவும்போது ஒன்பது. வரும்போது ஒன்பது. தாஜூகூட இன்னொரு தரம் வந்தப்ப அவ எண்ணுனா, அப்பவும் ஒன்பதுதான். இன்னும் எத்தினி தரம் எண்ணணும்?"

"எதால அளந்த?"

"எதாலயா? கையாலதான். நீங்க எதால அளக்கறீங்க?"

கமருதீனின் கண் அவள் கையில் போய் நின்றது. மெஹர் நிஷா ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையைப் பாயில் ஊன்றி, கையை நிமிர்த்தி வைத்தாள். அவரும் தன் கையை அதன் பக்கத்தில் ஊன்றினார். அவளுடைய நடுவிரல் நுனி அவர் விரலின் இரண்டாவது கணுவுக்கும் கீழே நின்றது. இடது கை விரல்களை வைத்து வித்தியாசத்தைப் பார்த்தார். இரண்டு விரல், அதற்கு மேல் இன்னொரு விரலில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. அது ஒன்பது தடவை சேர்ந்தால் இருபத்து நாலு விரல். அவர் கையில் சரியாக ஒரு முழம். தகரத்தில் அதுதான் ஒரு விரலாக வந்து நின்றது.

"ஊருக்கெல்லாம் ஆழாக்கு அடிச்சுக் குடுக்கறவரு," என்றாள் மெஹர் நிஷா, "எனக்கு ஒரு கோலு அடிச்சுக் குடுக்கல."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் கோபமாக இருக்க அவளுக்கு உரிமை இருந்தது.

அப்போதே கடைக்குப் போய், டின்னின் கெட்டியான விளிம்பை வெட்டித் தன் முழத்துக்கு ஒரு கீற்று எடுத்தார். அரத்தால் இருபத்து நாலு வெட்டுப் போட்டார். வளையாமல் இருக்க நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்புக் கொடுத்தார். எட்டு முழம் என்று கணக்கு சொல்லிவிட்டது. ஆனாலும் அதை நம்பித் தகரத்தில் கத்தரி வைக்க அவர் இப்போது தயாராக இல்லை. மறுநாள் மெஹர் நிஷா துப்பட்டிக்குள் அந்தக் கீற்றோடு புதுச்சேரிக்குப் போய்வந்தாள். எட்டு. அதோடு சன்னல் இடைவெளி, பெஞ்சின் அகலம், எல்லாம் புதிதாக, கீற்றில் எத்தனையாவது வெட்டு என்று எண்ணிச் சொன்னாள். நடுப் பெஞ்சில் முன்னாலிருந்து மூன்றாவது சட்டம் உடைந்து போய்க் கிடப்பதையும் சொன்னாள்.

அதை மட்டும் கமருதீன் கணக்கில் சேர்க்கவில்லை. உடைந்தது வண்டி செய்தவன் செய்ததல்ல என்றார்.

பெண்கள் பகுதியில் ஒரு விரலை வெட்டி எடுத்து ஒட்டினால் வேலை ஒரே நாளில் முடிந்திருக்கும். நடுவில் ஒரு சன்னல் மட்டும் நெருக்கமாகப் போயிருக்கும், அவ்வளவுதான். அவர் அந்தப் பகுதியைத் தடுப்பு வரை பிரித்தார். ஈயத்தை உருக்கி வழித்து, இரண்டு பக்கச் சுவர், கோடிச் சுவர், மூன்று பெஞ்சு, கக்கூசின் தடுப்பு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் புதிய தகரம் எடுத்தார். கடைக்கு விளக்கு கேட்டு வந்தவர்களிடம் பத்து நாள் பொறுக்கச் சொன்னார். தங்கவேல் எட்டிப் பார்த்து, "முடிஞ்ச வண்டிய ஏன் பாய் பிரிக்கற? அலமாரிக்கு இதுவே போதுமே" என்றார்.

"அலமாரிக்குன்னா அந்த ஆறு சக்கரத்தையும் ஒன்கிட்ட திருப்பியிருக்க மாட்டன். அது போதும்" என்றார் கமருதீன்.

தாழ்ப்பாள்கள் மட்டும் இரண்டு நாள் எடுத்தன. மேல் தாழ்ப்பாள் ஓர் எள்ளுப் போல. கீழ்த் தாழ்ப்பாள் அதைவிடச் சற்றுப் பெரிது, மெஹர் நிஷா அப்படித்தான் சொல்லியிருந்தாள். இரண்டும் நகர்ந்தன. சின்ன அளவு என்பதால் ஒட்டிவைத்துவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தாழ்ப்பாள் என்றால் போடவும் எடுக்கவும் வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி வண்ணம் காய்ந்தது. இரண்டு கோடியிலும் நாலு நாலு விரல். தோப்புக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று பிள்ளை சொல்லியனுப்பினார். வேண்டாம், பதினாலாம் தேதியே வைத்துக்கொள்ளலாம் என்று கமருதீன் பதில் அனுப்பினார். அளவு சரியானது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினாலாம் தேதி சாயங்காலம் தோப்பில் முப்பது பேர் இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து சட்டை போட்ட உத்தியோகஸ்தர்கள், அபிஷேகப்பாக்கத்திலிருந்து பிள்ளையின் குத்தகைக்காரர்கள், சொல்லாமலே வந்துவிட்ட தங்கவேல். பிள்ளை இஞ்சினைப் பற்றவைத்தார். கமருதீன் சுரங்கத்தின் வெளிவாயில் பக்கம் போய்க் குந்திக்கொண்டார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர் கேட்கத்தான் போனார்.

ரயில் மாமரங்களைச் சுற்றி வந்தது. பாலத்தைத் தாண்டியது. சுரங்கத்துக்குள் முதலில் இஞ்சினின் மூச்சு நுழைந்தது. பின்னால் பெட்டியின் முதல் நாலு சக்கரம் தண்டவாள மூட்டில் தட்டின. பொதுப் பகுதி வளைவில் திரும்பியது. பிறகு இரண்டாவது நாலு சக்கரம் தட்டின. கீறல் இல்லை. சுவருக்கும் மூலைக்கும் நடுவில் இரண்டு நெல் இடம் விட்டுப் பெட்டி வெளியே வந்து, அவர் முகத்துக்கு நேரே கடந்து போயிற்று. மூன்று சுற்று ஓடி, சாராயம் தீர்ந்து, தொடங்கிய இடத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. தங்கவேல், குடி தெளிந்துவிட்டது, இனி வீட்டுக்குத்தான் போகும் என்றார்.

பிள்ளை உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து, இஞ்சின் விளக்கின் திரியைத் துடைக்க அதைக் கிழித்தார். அடுத்த பெட்டி எப்போது தொடங்கலாம் என்று மட்டும் கேட்டார்.

விருந்தாளிகள் பலகாரத்துக்குப் போன பிறகு கனகாம்பாள் வந்து தண்டவாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் பகுதியின் கதவைக் கொண்டை ஊசியால் மெல்லத் திறந்து உள்ளே பார்த்தாள். ஊசி முனையால் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள். திரும்பிக் கமருதீனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது.

"இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவங்க வூட்டுல இருக்காங்க."

"அப்ப அவங்கள ஏன் கூட்டியாரல? நாளைக்கி அழைச்சிக்கிட்டு வாங்க."

மறுநாள் கூட்டம் இல்லை. மெஹர் நிஷா துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கனகாம்பாளின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். பெட்டி அவளுக்காக ஒரு சுற்று ஓடியது. நின்றதும் கூரையைக் கழற்றிக் காட்டினார்கள். அவள் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள். கக்கூசைப் பார்த்தாள். இரண்டு தாழ்ப்பாளையும் பார்த்தாள். கமருதீன் காத்திருந்தார்.

"நடு பெஞ்சில மூணாவது சட்டம்?" என்றாள்.

"அது ஒடஞ்சதுன்னு சொன்னியே. செஞ்சவன் ஒடச்சா செஞ்சான்?"

"செஞ்சவன் அதுல ஒக்காரலியே. நாங்கல்ல ஒக்கார்றம்."

கனகாம்பாள் சட்டென்று, ஆமாம், நானும் அதில் புடவையைக் கிழித்துக்கொண்டேன் என்றாள்.

கமருதீன் பெட்டியின் மேல் குனிந்தார். பிறகு மடியிலிருந்து மெல்லிய இடுக்கியை எடுத்து, கூரை இல்லாத பெட்டிக்குள் கையை விட்டு, மூன்றாவது சட்டத்தைப் பிடித்து, பெஞ்சோடு ஒட்டியிருந்த இரண்டு முனையும் அசையாதபடி நடுவை மட்டும் ஒரே திருகில் ஒடித்தெடுத்தார். இரண்டு முனையிலும் துண்டு மிச்சம் நின்றது. மெஹர் நிஷா குனிந்து பார்த்தாள். இடது பக்கம் இன்னும் ஒரு நெல் நீளமாக நிற்க வேண்டும் என்றாள்.

அவர் ஒடித்த சட்டத்தின் நுனியிலிருந்து ஒரு நெல் அளவு வெட்டி எடுத்து, அதை இடது பக்கத் துண்டோடு ஒட்டவைக்க இஞ்சின் விளக்கைப் பற்றவைக்கச் சொன்னார்.